இரண்டாம் செவ்வாய்

செவ்வாய்க்கிழமை எல்லோரும்
கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போகிறார்கள்,
தொலைந்ததைத் தேடித் தருவார் என்று.
மாதத்தின் இரண்டாம் செவ்வாய் மட்டும்
நான் எதிர்ப்பக்கம் நடக்கிறேன்,
புதுக்கடை ஏற்றத்தில்,
கறுப்புக் கோட்டுகளுக்கும்
போட்டோக்கொப்பிக் கடைகளுக்கும் நடுவே.
தொலைந்தவனை நான் தேடவில்லை.
அவனுடைய தவணையைத்தான்.

புடவைக் கடையில் அரைநாள் லீவு.
காரணம் முதலாளிக்குத் தெரியும்.
கேட்கும்போது கலண்டரைப் பார்ப்பார்.

எட்டாயிரம்.
நீதவான் அதை எழுதிய அன்று
பால்மாப் பெட்டி முந்நூற்று எழுபது.
இன்றைக்கு ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.
மெரில்டா மூன்று யூனிபோம் மாறிவிட்டாள்.
கட்டளையில் எட்டு எட்டாகவே இருக்கிறது,
சாப்பாடு பிடிக்காத பிள்ளை மாதிரி.
கூட்டச் சொல்லி மனுப் போடலாம் என்கிறார் சட்டத்தரணி.
மனுவுக்கும் அவருக்குமாக
இரண்டு மாத எட்டாயிரம்.

அன்றைக்குக் கூண்டில் ஏறி
செல்டன் மூன்று வருஷம்
ஜிந்துப்பிட்டி அறைக்கு வந்துபோனதை,
என் சம்பளத்தில் சப்பாத்து வாங்கியதை,
வயிறு தெரிந்த கிழமை
போன் நம்பரை மாற்றியதை
ஒன்றுவிடாமல் சொன்னேன்.
மொழிபெயர்ப்பாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு
சிங்களத்தில் ஒரே வரியில் முடித்தார்:
தொடர்பு இருந்ததாம்.
அந்த வரிக்குள் எங்கே வைத்தாரோ
சப்பாத்தை.

அவன் "என்ர பிள்ளை இல்லை" என்றான்.
அதை மட்டும் சொல்லுக்குச் சொல்
மொழிபெயர்த்தார்கள்.

மூன்று பேரிடமும் ரத்தம் எடுத்தார்கள்.
மெரில்டா அழவில்லை,
ஊசி குத்தியவரிடம் டொபி கேட்டாள்.
தொண்ணூற்றொன்பது தசம் ஒன்பது ஒன்பது
என்று வந்தது அறிக்கை.
மிச்சமிருக்கிற அந்தத் துளியூண்டில்தான்
அவனுடைய மானம்
இன்றும் குடியிருக்கிறது.

பிறப்புச் சான்றிதழில்
தகப்பன் பெயர் எழுதும் கட்டத்தில் ஒரு கோடு.
பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது
சிஸ்டர் அதை விரலால் தடவிப் பார்த்தார்,
அழுக்கோ என்று.

போன மாதம் காசு வரவில்லை.
பிடியாணைக்குப் பயந்திருப்பான் என்று
இந்தச் செவ்வாய் வந்தேன்.
லிகிதர் வழக்கு இலக்கத்தை வாசித்தார்.
"ஓம்" என்றேன்.
வரிசையில் எனக்கு இரண்டு பேர் முன்னால்
இன்னொருத்தியும் "ஓம்" என்றாள்.

திரும்பிப் பார்த்தாள்.
காதில் தோடில்லை,
ஓட்டை தூர்ந்துவிடாமலிருக்க
ஈர்க்குத் துண்டு.
இடுப்பில் ஒரு பையன்,
வலது காது மேலே மடிந்து.
அந்த மடிப்பை
நான் ஐந்து வருஷமாகச் சீப்பால்
தலைமயிர் இழுத்து மறைத்துக் கட்டுகிறேன்.

லேஞ்சியை அவிழ்த்து எண்ணி வைத்தாள்.
பதினாறாயிரம்.
கடைசி ஆயிரம் நூறும் இருபதுமாக.
"அவருக்கு இப்ப வேலை..." என்று
யாருக்கோ சொல்லத் தொடங்கி
பாதியில் விட்டாள்.
லிகிதருக்கு அது தேவைப்படவில்லை.
கையெழுத்துப் போடுங்கள் என்றார்.
அவளிடம் பேனை இல்லை.

என்னுடையதைக் கொடுத்தேன்.

அவன் எனக்குச் செய்ததையெல்லாம்
ஒருநாள் அவன் பெண்சாதிக்குச் சொல்லவேண்டும் என்று
மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்,
வருஷம் மாதம் திகதி பிசகாமல்.
பையன் என் தாலியில்லாக் கழுத்தையும்
சிலுவைச் சங்கிலியையும் பார்த்துக்கொண்டிருந்தான்.
கையை நீட்டினான்.
அவள் தட்டிவிட்டாள், மெதுவாக.

பிறகு நான் ரசீதில் ஒப்பமிடப் போனால்
பேனை அவளோடு போய்விட்டது.
படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.
கூப்பிட வாய் திறந்தேன்.
பெயர் தெரியாது.
லிகிதர் தன் பேனையை
நூலோடு சேர்த்து நீட்டினார்.