ஈரக் கழிவு

காலை ஆறு ஐம்பது.
மூத்திரம் போன பின், காப்பிக்கு முன்,
லுங்கியோடு மட்டும் ஏற வேண்டும் என்று உத்தரவு.
கண்ணாடித் தட்டில் பாதம் இரண்டும் வைத்தால்
சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறி நிற்கும்.

ஏழு மணிக்குப் போன்.
வேலூர் ஆஸ்பத்திரியின் பதிவு செய்த பெண்குரல்.
வணக்கம், முனிரத்தினம்
(என் பெயரை மட்டும் வேறு யாரோ சொல்லி
நடுவில் ஒட்டியிருக்கிறார்கள்).
இன்றைய எடையை அழுத்தவும்.
படுத்தால் மூச்சு வாங்கினால் ஒன்று.
கால் வீங்கியிருந்தால் இரண்டு.
எல்லாம் சரி என்றால் ஒன்பது.

நான் ஒன்பதை அழுத்துகிறவன்.

பேரணாம்பட்டு கஃபூர் சாயபு தோல் மண்டியில்
முப்பத்தோரு வருஷம் எடை போட்டவனுக்கு
தராசு எங்கே சொன்ன பேச்சுக் கேட்கும் என்று தெரியாதா?
பீரோவில் ஒரு விரல் ஊன்றினால் முந்நூறு கிராம் குறையும்.
உள்ளங்கை என்றால் இரண்டு கிலோ.
அடுப்படியிலிருந்து நவநீதம்
திரும்பாமலே சொல்வாள்:
"கையை எடு."

உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
ஒவ்வொரு ஆட்டுத்தோலுக்கும் கை நிறைய அள்ளி வீசிய உப்பு.
நகக்கண்ணில், பீடியில், சட்டைப்பைச் சில்லறையில்.
இப்போது நாளைக்கு அரை டீஸ்பூன், அதுவும் தலைதட்டி.
முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பு
ஊமைப்படமாய் வந்து உட்காருகிறது தட்டில்.
தண்ணீர் ஒன்றரை லிட்டர்,
இந்தச் சித்திரையில், நூற்றெட்டு டிகிரியில்.
எதிர்வீட்டு நாய் என்னைவிட அதிகம் குடிக்கிறது.

ஆம்பூரில் சகலை மகன் கல்யாணம்.
பிரியாணி, கேட்டு வாங்கியது இரண்டாம் தரம்,
ஊறுகாய், இரண்டு சோடா.
மறுநாள் எழுபத்து மூன்று புள்ளி ஒன்று.
அதற்கு மறுநாள் எழுபத்து நான்கு.
இரண்டு நாளும் நான் அழுத்தியது
எழுபத்திரண்டு புள்ளி நான்கு,
அப்புறம் ஒன்பது.
நன்றி என்றது குரல். என்ன மரியாதை.

அன்று ராத்திரி தலையணை மூன்றானது.
இரண்டு மணிக்கு அதுவும் போதாமல்
கட்டில் விளிம்பில் உட்கார்ந்து
கணுக்காலுக்கு மேல் பெருவிரலை ஊன்றினேன், சும்மா.
குழி விழுந்து அப்படியே நின்றது.

அந்தக் குழியை எனக்குத் தெரியும்.

சித்தூர்ப் பக்கத்து லாரிகளில் வரும்
ராத்திரியே நனைத்து ஏற்றிய தோல்கள்.
விரல் ஊன்றுவேன். குழி எழும்பாவிட்டால்
நூற்றுக்கு ஏழு ஈரக் கழிவு.
குலசாமி பேரில் சத்தியம் செய்வார்கள்,
பிள்ளை தலையில் அடிப்பார்கள்.
ஏழு என்றால் ஏழு.
கையால் தொட்டே சொல்வேன்,
இதில் தோல் எத்தனை, பொய் எத்தனை என்று.

விடியும்வரை விளக்கைப் போடவில்லை.

ஏழு மணி. ஏழு, நான்கு, ஆறு.
ஒன்று.
இரண்டு.
நன்றி என்றது குரல்,
நேற்றைக்குச் சொன்ன அதே நன்றி.

இருபது நிமிஷத்தில் உயிருள்ள குரல்,
சிஸ்டர் ஹெப்சிபா.
"நேத்து எழுபத்திரண்டு நாலு.
இன்னிக்கு எழுபத்தி நாலு ஆறா?
மிஷின் ரிப்பேரா, ஐயா?"
"மிஷின் நல்லாத்தான் இருக்குதும்மா.
எடை போட்டவன் ரிப்பேர்."
அவள் சிரிக்கவில்லை. பேனா ஓடும் சத்தம் கேட்டது.
"தண்ணி மாத்திரை காலைல ரெண்டு, மதியம் ஒண்ணு.
உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினா
நாளைக்குன்னு பாக்காதீங்க, நூத்தியெட்டுக்கு அடிங்க.
இன்னும் ஏதாவது சொல்லணுமா?"
ஊறுகாயைச் சொன்னேன்.
சோடாவைச் சொல்லவில்லை.
அப்புறம் அதையும் சொன்னேன்.

பகல் முழுக்கப் பதினோரு தரம் எழுந்து போனேன்.
கொல்லைக் கதவில் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டே வந்தாள்
நவநீதம், பால் கணக்கு மாதிரி.

மறுநாள் ஆறு ஐம்பது. தட்டில் ஏறி
பழக்கதோஷம், இடதுகை பக்கவாட்டில் நீண்டது.
எதுவும் தட்டுப்படவில்லை.
பீரோ
ஒரு முழம் தள்ளிப் போயிருந்தது.
இரும்புப் பீரோ, உள்ளே பட்டுப்புடவைகள், பித்தளைக் குடம் வேறு.
தனியாளாய் எப்படி நகர்த்தினாளோ.

கையை மடக்கிக்கொண்டேன்.
எண்கள் தடுமாறின.