உத்திரம் ஒன்று, பில் இரண்டு

முதலில் வந்தவர் காரைக்குடிக்காரர்.
தூண்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார்,
தர்பூசணி வாங்குகிறவரைப் போல.
"வேலை கெடக்கட்டும் மேடம்,
இதுல நாலை மட்டும் கொடுங்க."
காபி கொடுத்து அனுப்பினேன்.

இரண்டாமவர் கார் கதவைச் சாத்தும் முன்பே
வீட்டை இடித்துவிட்டார்.
ஒன்பது பங்குக்கு ஒன்பது ஃப்ளாட்,
வளவு நடுவில் லிஃப்ட்.

மூன்றாவதாக சேவுகமூர்த்தி.
சிங்கம்புணரியிலிருந்து நெற்குப்பைக்கு
ஸ்ப்ளெண்டரில் வந்தார்,
ஹேண்டில்பாரில் சுருட்டிய டியூப் லெவல்.
எதையும் தட்டவில்லை.
ஒரு வாளித் தண்ணீர் கேட்டார்,
குடிக்க அல்ல.
வளவில் ஊற்றிவிட்டுக் குத்துக்காலிட்டு
அது எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்தார்.
வடகிழக்கு மூலைவரை போய்
தண்ணீர் யோசித்து நின்றது.
"அங்கதான் ஆச்சி உங்க பணம் போகப் போகுது."
அதுவரை மேடம்.
தொகை வரும்போது ஆச்சி.

எனக்கு வேண்டியது அதிகமில்லை.
என் கணவர் பங்குக்கு வந்த இரண்டு அறை,
ஒன்றுக்குள் ஒரு கழிப்பறை,
ஒழுகாத கூரை,
போன் சார்ஜ் போட ஒரு பிளக்.
திருச்சி ஆபீசில் லோன் எழுதிக் கொடுத்தாயிற்று.

ஏணி வைத்து ஏறி
உத்திரத்தில் திருப்புளியைக் குத்தினார்.
மைசூர்பாகில் போவதுபோல் போயிற்று.
"பர்மாத் தேக்காச்சே" என்றேன்.
"வாசல்ல தேக்கு. இது மாமரம்.
உள்ள யாரு பாக்கப் போறான்னு
உங்க ஆளுங்களும் கணக்குப் பாத்திருக்காங்க."
பிறகு காதை மரத்தில் வைத்துக் கேட்டார்.
"கறையான் சாப்பாடு உங்க பக்கம்.
சமையல் அந்தப் பக்கம்."

அந்தப் பக்கம் நாச்சியப்பனுடையது.
ஈப்போவில் இருக்கிறார்.
கடைசியாகப் பேசியது இரண்டாயிரத்து நாலில்,
மின்மீட்டர் யார் பேரில் என்று.
நடுச்சுவர் பங்கு பிரித்தபோது எழுப்பியது,
ஒற்றைச் செங்கல்,
தன்னைத் தாங்கினாலே பெரிது.

"என் பாதியை மட்டும் மாத்த முடியாதா?"
ஏணியிலிருந்தபடியே கீழே பார்த்தார்.
"பாதி உத்திரத்துக்குப் பேரு
விறகு ஆச்சி."

வீட்டுவரி ரசீதில் நம்பர் இருந்தது.
அவரே கூப்பிட்டார், வீடியோவில்.
பனியனோடு ஒரு மனிதர்,
பின்னால் ஓடும் ஃபேன்.
புற்றைப் பார்த்தார்,
திருப்புளி உள்ளே போவதைப் பார்த்தார்,
என்னைக் காட்டியபோது
என் நெற்றிக்கு மேலே எங்கோ பார்த்தார்.
"சதுர அடி என்ன ரேட்டு?"

"அதை அப்புறம் பேசலாம் அண்ணே. சாவி?"

"அவுக ரூம் நிலைக்கு மேல.
போகையில அங்கதான் வச்சேன்."

சேவுகமூர்த்தி கையை நீட்டித் துழாவினார்.
ஒட்டடை,
காய்ந்த பல்லி ஒன்று,
சாவி.
எத்தனை முறை அந்த நிலைக்குக் கீழே
தலை இடிக்காமல் குனிந்து போயிருப்பேன்.

எஸ்டிமேட் ஒரு காதுகுத்துப் பத்திரிகையின்
பின்பக்கத்தில் வந்தது. இரண்டு பிரதி.
ஈப்போவின் கட்டளை:
தனித்தனி பில், ஒன்றாகச் சேர்க்காதே.
உத்திரம் இருபத்தோரு அடி,
எனக்குப் பத்தரை, அவருக்குப் பத்தரை.
நட்ட நடுவில் சாக்பீஸ் கோடு.
புது மரத்தை ஏற்றிய அன்று ஆறு பேர்,
மூன்று கூலி என் கணக்கில்,
மூன்று அவர் கணக்கில்.
நடுவில் நின்று "ஏத்து, ஏத்து" என்று கத்திய
சேவுகமூர்த்தியை எப்படிப் பிரித்தார்கள்
என்று தெரியவில்லை.

டீ மட்டும் எந்தப் பில்லிலும் வரவில்லை.
ஏழு பேருக்கு, இருவேளை,
முப்பத்தெட்டு நாள்.
மழை பெய்து நின்ற இன்று மாலை
ஈரமில்லாத தரையில் உட்கார்ந்து
அந்த நம்பரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
கூப்பிட்டால் கணக்குக் கேட்பார்.

எழுதி வைத்திருக்கிறேன்.