கால்வாய்ப் பாலம் வரை

எங்கள் நிலையத்தின் மொத்த பலம் நூறு வாட்.
கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்டும் விளக்குகூட
நம்மைவிடப் பெரியது என்பான் லார்ன்.
சிரித்துக்கொண்டு சொல்கிறானா என்று
ஒன்பது வருடமாக எனக்குத் தெரியவில்லை.

யாக்கிமா பள்ளத்தாக்கின் கிழக்கு முனை,
ஆப்பிள் பெட்டிக் கிடங்கின் மாடி,
கூரைமேல் ஆண்டெனா,
ஆண்டெனாவின் கழுத்தில்
விரால் அடிப்பான் பறவையின் கூடு.
முட்டை இருக்கும் மாதங்களில்
பழுது பார்க்க ஏறக் கூடாது, சட்டம்.
முட்டை இல்லாத மாதங்களில் பனி.

கணக்குப் புத்தகம் என்னிடம்.
டயர் கடை எட்வினா மாதம் நாற்பது டாலர் தருகிறாள்.
அவள் பெயரைச் சொல்லலாம்.
கடை எந்தத் தெருவில் என்று சொல்லலாம்.
நல்ல டயர் என்று சொல்லக் கூடாது.
மலிவு என்றால் அபராதம்.
ஒருமுறை வந்து பாருங்கள் என்றால் அதுவும் தப்பு.
ஆகவே ஒவ்வொரு காலையும்
பெயரடைகளைப் பறிகொடுத்த ஒரு வாக்கியத்தை
முடிந்தவரை அன்பாக வாசிக்கிறேன்.

போன அக்டோபரில்
மலைக்கு அப்பாலிருந்த பெரிய நிலையம்
தன் கோபுரத்தைப் பதினோரு மைல்
இந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டது.
எங்களுக்குக் கடிதம் வந்தது. மரியாதையான கடிதம்.
உங்களுடையது இரண்டாம் நிலை உரிமம்,
பெரிய அலை வந்தால்
சின்ன அலை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எதுவரை பொறுப்பது என்று அளக்க
ஏப்ரலில் ஒரு செவ்வாய் மாலை
லார்னின் டிரக்கில் கிளம்பினோம்.
நிலையத்தில் ஒடிலியா.
குவாத்தமாலா மலைகளிலிருந்து
பழம் பறிக்க வந்தவர்களுக்கு
மாம் மொழியில் அரை மணி நேரம்:
இரவில் உறைபனி, கிளினிக் திறக்கும் நேரம்,
யாரோ தொலைத்த ஏணி.

பள்ளிக்கூடம் வரை தெளிவு.
பெட்ரோல் பங்கில் கொஞ்சம் மணல்.
செர்ரித் தோப்பு தாண்டியதும்
ஒடிலியாவின் வாயிலிருந்து
கார்க் கடன் விளம்பரம் வரத் தொடங்கியது,
இன்றே, மிகக் குறைந்த, மிகச் சிறந்த என்று
எங்களிடம் இல்லாத எல்லாப் பெயரடைகளோடும்.

கால்வாய்ப் பாலத்தில் வண்டியை நிறுத்தி
வரைபடத்தில் சிவப்புப் பென்சிலை வைத்தான் லார்ன்.
போன வருடக் கோடு மூன்று மைல் தள்ளி இருந்தது.

அங்கே ஏற்கெனவே ஒரு கார் நின்றது.
எஞ்சின் அணைந்து, கண்ணாடி ஏறி.
பழுதோ என்று இழுவைக் கயிற்றோடு இறங்கினான்.
உள்ளே ஒருத்தி, பேக்கிங் ஷெட் ஏப்ரன் கழற்றாமல்.
பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள் தூக்கத்தில்.
அவள் விரல் ரேடியோக் குமிழில்
மயிரிழை இடம், மயிரிழை வலம்.
எங்களைப் பார்த்ததும் உள்ளங்கையை உயர்த்தினாள்.
பொறு.
பொறுத்தோம்.

நிகழ்ச்சி முடிந்தபின் கண்ணாடியை இறக்கினாள்.
பெயர் ஃபெலிசியானா. வீடு மேட்டுக்கு அந்தப் பக்கம்.
முன்பெல்லாம் அடுப்படியிலேயே கேட்டதாம்.
அப்புறம் வாசலில்.
அப்புறம் தபால் பெட்டியருகே.
இப்போது இங்கே.

நிலையத்து ஆட்கள் நாங்கள் என்றேன்.
நன்றி வரும் என்று நினைத்தேன்.
உறைபனிக்கு ஒடிலியா சொல்கிறாளே ஒரு சொல்,
அது பக்கத்து மலைக்காரர்களுடையது என்றாள்.
எங்கள் ஊரில் வேறு. எழுதிக்கொள்ளுங்கள்.
எழுதிக்கொண்டேன்,
எட்வினாவின் ரசீதுக்குப் பின்னால், காதில் விழுந்தபடி.
இரண்டு முறை திருத்தினாள்.

படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது:
இவ்விடத்தில் ஒலி கேட்கிறதா, ஆம், இல்லை.
லார்ன் பென்சிலை எடுத்தான், வைத்தான்,
அதன் முனையை நகத்தால் சுரண்டினான்.

அடுத்த செவ்வாயும் இங்கே நின்றால் போதுமா,
இன்னும் கொஞ்சம் முன்னால் வரணுமா என்று கேட்டாள்.

பாலத்துக்கு ஊர்ப் பக்கம்
மதகுச் சுவரை ஒட்டி
ஒரு வண்டி நிற்குமளவு இடம் இருக்கிறது என்றான் லார்ன்.
சேறு மட்டும் பார்த்துக்கொள்ளணும்.