ஒற்றைச் சீட்டு

வாளையாரில் வரிச் சாவடியை மூடிய பிறகு
எங்கள் எடைமேடைக்கு ராத்திரியில்
எட்டு லாரி வந்தால் அதிகம்.
மீதி நேரத்துக்குச் சொலிட்டேர்.
சிவப்பின் மேல் கறுப்பு, கறுப்பின் மேல் சிவப்பு,
எதிரில் ஆள் வேண்டாம்.

நாசிக் வெங்காயத்தோடு வந்த டிரைவர்
சீட்டு வாங்கும் துவாரத்தில் குனிந்து கேட்டார்,
அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?
தெரியாது என்றேன்.
ஓனர் மகளின் நிச்சய மோதிரத்துக்கும் அதே பெயர்.
ஒரே வைரம்,
பேச்சுத்துணைக்குப் பக்கத்தில் ஒரு பொடிக்கல் கூட இல்லை.
நம் ஒத்தக்கல் மூக்குத்தி
பிரெஞ்சு பேசினால் அந்த விலை.

அவர் போன பிறகு போனில் தேடினேன்.
லத்தீனில் தனி என்று பிறந்திருக்கிறது.
பிரெஞ்சில் தனியாளாகி
கொஞ்ச காலம் துறவியாகவும் இருந்திருக்கிறது.
பிறகு கல். பிறகு ஆட்டம்.
இங்கிலாந்தில் இதே ஆட்டத்துக்குப்
பொறுமை என்று பெயராம்.
அதைத்தான் எனக்கும் சொன்னார்கள்
பாலக்காட்டுக் குடும்ப நீதிமன்றத்தில்,
பதினொரு வாய்தா.

ஒரு பறவையும் இருந்ததாம்.
இந்துமாக்கடல் தீவொன்றில், பறக்காதது.
கூட்டமாய்க் கண்ணில் படாததால் இந்தப் பெயர்.
இரைப்பையில் கோழிமுட்டை அளவு
ஒரே ஒரு கல்.
கறியைத் தின்றவர்கள்
அந்தக் கல்லில் கத்தி தீட்டினார்கள்,
அடுத்த பறவைக்கு.
இப்போது பெயர் மட்டும் இருக்கிறது.

மதுக்கரை தாலுகா ஆபீசில்
ஒரு நபர் அட்டை கேட்டபோது
கூட யாருமே இல்லையா என்றார்கள்.
இல்லை என்றேன்.
யாருமேவா என்றார்கள்.
தனி என்று கல்லுக்குச் சொன்னால் விலை ஏறுகிறது,
எனக்குச் சொன்னால்
அடுத்த கேள்வி வருகிறது.

மணி இரண்டே கால்.
ஆட்டத்தில் ஒரு கட்டம் காலி.
காலிக் கட்டத்துக்கு ராஜாதான் போகலாம், அது விதி.
கையில் இருந்ததோ
ஆட்டீன் ராணி.
அவளை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கையில்
தண்டவாளக் காவலுக்குப் போகும் பிரசோபன் கூப்பிட்டான்:
'சேச்சி, ஒற்றயான் இறங்கியிட்டுண்டு.
புறத்திறங்கல்லே.'

ஒற்றையான்.
நான் தேடிய பக்கங்களில் இந்தச் சொல் இல்லை.

விளக்கை அணைத்தேன்.
திரை வெளிச்சத்தைத் துப்பட்டாவால் மூடினேன்.
மாலையில் தவிட்டு லாரி ஒன்று
மேடையெல்லாம் சிந்திவிட்டுப் போயிருந்தது.
அதற்குத்தான் வந்திருக்க வேண்டும்.
முன்னங்கால் ஒன்றை வைத்து
இரும்புத் தகட்டின் சத்தத்தைக் கேட்டது.
பிறகு இன்னொன்று.
பிறகு மழையில் நனைந்த இருட்டு முழுவதும்
மேடை மேல் ஏறி நின்றது.

துணிக்கு அடியில் எண்கள் ஓடின.
3,860. 4,140. 3,990.
அசைந்துகொண்டே இருந்தால் எடை நிற்காது,
டிரைவர்களிடம் தினமும் சொல்வதுதான்.
அதற்கு யார் சொல்வது?
தும்பிக்கை தகட்டைத் துடைத்துத் துடைத்து எடுத்தது.
ஒரு கணம், எதையோ கேட்டது போல,
காதுகூட ஆட்டாமல் நின்றது.
4,070.
விரல் பழக்கத்தில் அழுத்திவிட்டது.

பிரிண்டர் கத்திய கத்தலில்
எனக்குத்தான் உயிர் போனது.
அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
வந்த வழியே இறங்கி
யூகலிப்டஸ் மரங்களுக்குள் போயிற்று.
எண் பூஜ்யத்துக்கு வர
கொஞ்ச நேரம் பிடித்தது.

வண்டி எண் கோடு.
ஓட்டுநர் கோடு.
மொத்த எடை நாலாயிரத்து எழுபது கிலோ.
காலி எடை என்ற இடத்தை
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் ஓனர் கணக்கு எடுத்தார்.
ஒன்பது சீட்டு, எட்டுக்குத்தான் பணம்.
அறுபது ரூபாயை என் பர்ஸிலிருந்து வைத்தேன்.
'என்ன லோடு அது?'
'தவிடு' என்றேன்.
முழுப் பொய்யில்லை.
கொஞ்சம் உள்ளே போயிருந்தது.