ஆராய்ச்சி ஆர்வம்: இருநூறு சொற்களுக்கு மிகாமல்

படிவத்தில் பெட்டி சிறியது.
'நகரச் சூழலும் பொதுச் சுகாதாரமும்'
என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன்.
நான்கு சொல். மிச்சம் நூற்றுத் தொண்ணூற்றாறு.

ஹட்டனை நகரம் என்றால்
பேராதனையில் என் அறைத்தோழி சிரிக்கிறாள்.
ஒரு தெரு, ஒரு ரயில் நிலையம்,
பனி இறங்கினால் அதுவும் இல்லை என்கிறாள்.
சரிதான்.
ஆனாலும் காலை ஏழரைக்குள்
டிக்கோயா பஸ்ஸிலும் வட்டவளை பஸ்ஸிலும்
வந்திறங்கிய பெண்களை எண்ணினேன்:
புடவைக்கடைக்கு, பாமசிக்கு, கொமியூனிகேஷனுக்கு
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
இரவு ஏழு வரை நின்றபடி வேலை.

நாற்பத்தொரு பேரிடம் கேட்டேன்.
கேள்வி பெரிதில்லை:
நேற்று எத்தனை கிளாஸ் தண்ணீர் குடித்தீர்கள்?

யோகமலர் சொன்னாள்: ஒன்று, அதுவும் மாத்திரைக்கு.
தயாளினி: தேத்தண்ணியும் கணக்கா?
(தயாளினி என் அக்கா. தாளில் அவள் எண் பதினேழு.)
சந்தமாலி சிங்களத்தில் திருப்பிக் கேட்டாள்:
குடித்துவிட்டு எங்கே போவது?

பிறகுதான் அந்தச் சாவி கண்ணில் பட்டது.
முதலாளியின் கல்லாவுக்கு மேலே, ஆணியில்,
தொலையாதிருக்க
சிரட்டை ஒன்றில் கட்டியது.
கேட்டுத்தான் வாங்க வேண்டும்.
கைக்குள் மறையாது.
சேலை பார்க்க வந்தவர்கள் முன்னால்
சிரட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்து
பின்கதவு, கான், குப்பைமேடு தாண்டினால்
வாளி இருக்கும். தண்ணீர் இராது.
இந்த மலையில்.
காயப்போட்ட துணி மூன்று நாளாய்க் காயாத
இந்த மலையில்.

பஸ் நிலையத்தில் இருக்கிறதே என்றேன்.
ஆறு மணிக்குப் பூட்டு.
'பாவனைக்கு உகந்ததல்ல', மூன்று மொழியில் பலகை.
எழுத்துப்பிழை தமிழில் மட்டும்.

நோயின் பெயரை ஒருத்தியும் சொல்லவில்லை.
சூடு, என்றார்கள்.
இளநீர் குடித்தால் போய்விடும் என்றார்கள்.
இளநீர் விலையை விடுங்கள்,
அதுவும் நீர்தானே.

மேற்பார்வையாளர் கேட்டார்:
மாறிகள் எவை? கட்டுப்பாட்டுக் குழு எது?
அந்தச் சொல்லைக் கேட்டதும்
சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும்தான், சேர்.
பள்ளிக்கூடத்திலேயே பழகிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் மாலை
மல்லிகைப்பூ சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கையில்
தலை இடித்தது.
பையைத் திறந்தால்
காலையில் நிரப்பிய போத்தல்
கழுத்துவரை அப்படியே.
குடிக்காதே என்று யாரும் சொல்லவில்லை.

அன்றிரவு அட்டவணையில் ஒரு வரி சேர்த்தேன்.
நாற்பத்திரண்டு: மாணவி, வயது இருபத்து நான்கு, அரைக் கிளாஸ்.
பிறகு அழித்தேன்.
ஆராய்கிறவள் தரவுக்குள் வரக்கூடாதாம்.

போத்தலை ஒரே மூச்சில் குடித்து முடித்தேன்.
விடுதியில் மாடிக்கு நான்கு கழிப்பறை.
எதற்கும் சாவி இல்லை.