ஐம்பது லக்ஸ்

பேரரசர் வியாழன் இரவு வந்திறங்கினார்,
தோஹா சரக்கு முனையத்தில்.
பெட்டியை இருபத்துநாலு மணி நேரம்
யாரும் திறக்கக் கூடாதாம்.
பட்டு இந்த ஊர்க் காற்றுக்குப் பழக வேண்டுமாம்.

நான் வந்த அன்று
விமானத்திலிருந்து நேரே சைட்டுக்கு ஏற்றிப் போனார்கள்.
ஜூலை மாதம்.

சனிக்கிழமை திருகாணி கழற்றினோம்,
நானும் நேப்பாளி புஷ்கரும்.
பெய்ஜிங்கிலிருந்து கூடவே வந்த ருவான் அம்மாள்
எங்களை மூச்சுவிடக்கூட விடவில்லை.
சுருள் இறங்க இறங்க
முதலில் வெறும் பட்டு, பிறகு தொப்பியின் சிவப்பு,
பிறகு முகம்.

அதில் நிழலே இல்லை,
மூக்கின் கீழேகூட.
விளக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டேன்.
நிழல் தீட்டினால் அழுக்கென்று கோபிப்பார்களாம்.
முகத்துக்கு ஒரு கை, அங்கிக்கு வேறு கை.
தோலின் நிறத்தைப் பட்டின் முதுகில் பூசி
இழைகளின் இடுக்கு வழியே
முன்னால் கசிய விடுவார்களாம்.
எவனும் கையெழுத்துப் போடவில்லை.

எனக்கும் உண்டு அப்படி ஒரு படம்.
நஜ்மாவில் ஒரு ஸ்டூடியோ:
'நேராப் பாரு. சிரிக்காதே.
ரெண்டு காதும் தெரியணும்.
நிழல் விழுந்தா திருப்பி அனுப்பிடுவான்.'
கோட்டும் டையும் உள்ளறைப் பையன்
கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டான்.
போகிற போக்கில்
என் புருவத்து வெட்டுத் தழும்பையும் துடைத்துவிட்டான்,
காசு கேட்காமல்.
கேட் எந்திரம் என்னை இரண்டு முறை
யாரென்று தெரியாமல் விழித்தது.

அரசரின் இடது கன்னத்தில்
அம்மைத் தழும்பு மூன்று.
ருவான் அம்மாள்தான் காட்டினார்,
சுண்டுவிரலை ஒரு சாண் தள்ளியே நிறுத்தி.
'இதை எப்படி விட்டுவைத்தான்?'
அவர் தோளைக் குலுக்கினார்.

மூன்று மாதம் வெளிச்சம்,
அப்புறம் ஐந்து வருடம் இருட்டறை.
அரசரின் ஒப்பந்தம் அப்படி.
புஷ்கருக்குக் கேட்டதும் பொறாமை.

இரவு ஷிப்டில் நான் தனி.
டார்ச் அடிக்க அனுமதியில்லை.
ஐம்பது லக்ஸில் டிராகன்கள் தெரியும்,
முத்துமாலை தெரியும், நகம் தெரியும்.
தழும்புகள் தெரியாது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறேன்.
என் புருவமும் அதில் விழுகிறது.

மூன்றாவது தழும்பு கிடைத்தபோது
மணி மூன்றே கால்.
ஏட்டில் எழுதினேன்:
ஈரப்பதம் ஐம்பத்தொன்று.
வேறொன்றுமில்லை.