வளைவு

ரயிலுக்கு ஏழு வருடம் முன்னால்
ஒசாகாவுக்கு வடக்கே வந்தான் குவாபாராவின் ஆள்.
முள்ளங்கி வயல்களை
முள்ளங்கி விலைக்கே வாங்கினான்.
தீப்பெட்டித் தொழிற்சாலையாம் என்று
ஒரு பேச்சையும் விட்டுவைத்தான்.

கணக்கு எழுதியவன் நான்.
தண்டவாளம் கம்பம் கம்பி எல்லாம் செலவுப் பக்கம்.
வரவில் டிக்கெட்டுக்கு ஒரே ஒரு வரி.
மிச்சம் முழுக்க மனைகள்,
கடைசி நிலையத்தில் ஐந்து மாடிக் கடை,
ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு வெந்நீர்க் குளம்.
அரசாங்கத்தின் காசு ஒரு சென் கிடையாது.
வங்கிக்காரர் மட்டும் மாதாமாதம் வந்து
தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார்.

ஷிகே விற்கவில்லை.
வெங்காயத்தாள் போட்டிருந்தாள், நாலு பாத்தி.
விலையை மூன்று மடங்காக்கினோம்.
"அப்படியானால் இதில் ஏதோ இருக்கிறது" என்றாள்.
பொறியாளர் மாசுதோமி அளவுகோலை மூடி வைத்துவிட்டு
வெறுங்கையால் வரைந்தார் அந்த வளைவை.

இப்போது எட்டு மணி வண்டி அங்கே கிறீச்சிடும்.
நிற்பவர்கள் அத்தனை பேரும், குவாபாரா உட்பட,
ஒருசேர அவள் பக்கம் சாய்வார்கள்.

பாத்திகள் இல்லை. சைக்கிள் நிறுத்துமிடம்,
நாளுக்கு இரண்டு சென்.
கணக்கு எப்படி எழுதுவதென்று நேற்று கேட்டாள்.
செலவு என்ன என்றேன்.
கொஞ்சம் யோசித்து,
"கயிறு" என்றாள்.